திறந்த ஜீப்புக்கு வீட்டில் தைத்த நிழல் துணி: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

பழைய மஹிந்திரா ஜீப்போ, மாருதி ஜிப்சியோ, கூரையைக் கழற்றிய மஹிந்திரா தாரோ, எதுவாக இருந்தாலும் வீட்டில் தைத்துக் கட்டிய நிழல் துணி முதல் சில நாள் நன்றாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஏற்றினால், ஒரு மழை பெய்தால், சித்திரை வெயிலில் ஒரு மாதம் நின்றால் கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். உடனே பலரும் கடைக்குப் போய் இன்னும் தடிமனான துணியாக வாங்கி வருவார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. துணி நட்டநடுவில் கிழிவது அபூர்வம். படபடப்பதும் தொய்வதும் கிழிவதும் பெரும்பாலும் ஓரத்திலும் கட்டிய இடத்திலும்தான் ஆரம்பிக்கும். எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஓரத்தைப் பாருங்கள், அடுத்துக் கட்டைப் பாருங்கள், துணியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

இங்கே பேசுவது முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின்னால் இருக்கும் ரோல் பார் (வண்டி உருண்டால் ஆட்களைக் காக்கும் தடித்த கம்பி) அல்லது ஹூட் கம்பி (கூரைத் துணியைத் தாங்கும் கம்பி) வரை விரித்துக் கட்டும் துணியைப் பற்றி. துணி மூன்றில் ஒன்றாக இருக்கும்: நாற்றுப் பண்ணைகளில் கட்டும் நிழல் வலை, பூச்சு பூசிய பாலியஸ்டர் தார்ப்பாய், பருத்திக் கேன்வாஸ். இது வெயிலுக்கு மட்டும்தான். வண்டி உருண்டால் துணியும் காப்பாற்றாது, பழைய ஜீப்பின் மெல்லிய ஹூட் கம்பியும் காப்பாற்றாது.

ஐம்பதைத் தாண்டினால் படபடவென்று அடிக்கிறது

எல்லோருக்கும் வரும் முதல் புகார் இதுதான். அடிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியாது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஒருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேலே பார்த்துக்கொண்டு வரட்டும். ஓட்டுபவர் நிமிர்ந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

முன் விளிம்பில் தொடங்கினால், துணிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் இடையே காற்று புகுகிறது. நாலைந்து இடத்தில் மட்டும் கட்டியிருந்தால், கட்டுக்குக் கட்டு இடையில் துணி வாய் பிளந்து நிற்கும். முன் விளிம்பை மடித்து உறைபோலத் தைத்து, அதற்குள் வண்டியின் அகலத்துக்கு ஓர் அலுமினியக் குழாயைச் செருகுங்கள். பிறகு அந்தக் குழாயைச் சட்டத்தோடு பட்டை போட்டு இறுக்குங்கள். விளிம்பு முழுவதும் ஒரே கோட்டில் சட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அதே இடத்தில் வயரிங் வேலைக்கு வரும் பி.வி.சி. குழாயைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அது வெயிலில் வளைந்துவிடும்.

பக்க விளிம்பில் தொடங்கினால், அந்த விளிம்பை நேர்கோட்டில் வெட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நேர் விளிம்பை இரண்டு மூலைகளிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் இழுவிசை மூலைக்கு மூலை ஓடிவிடும், நடுவில் விளிம்பு தளர்ந்தே இருக்கும். விளிம்பை உள்ளே வாங்கி, லேசான வளைவாக வெட்டினால் அதே இழுப்பு துணியையும் சேர்த்து இறுக்கும். ஒன்றரை மீட்டர் நீள விளிம்புக்கு நடுவில் ஐந்து முதல் ஏழு செ.மீ. உள்வளைவு போதும். பெரிய நிழல் பாய்களில் இதைவிட ஆழமாக வெட்டுவார்கள், ஆனால் ஜீப்பில் அப்படி வெட்டினால் தோள்பட்டைக்கு நிழல் கிடைக்காது. தரையில் துணியை விரித்து, இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து, நடுப்புள்ளியை உள்ளே குறித்துக்கொண்டு, மெல்லிய மூங்கில் பட்டையை அந்த மூன்று புள்ளிகளிலும் வளைத்து வைத்துச் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள்.

தைத்து முடித்தாயிற்று, இனி வெட்ட மனசில்லை என்றால் ஒரு மாற்று வழி இருக்கிறது. பக்க விளிம்பின் மடிப்புக்குள் நீளவாக்கில் ஒரு பாலியஸ்டர் கயிற்றை ஓட்டி, இரு முனைகளையும் தனியாக இழுத்துக் கட்டுங்கள். விளிம்பில் கொஞ்சம் சுருக்கம் விழும், ஆனால் அடிப்பு நின்றுவிடும்.

நடுவில் தொடங்கினால், பிடிப்பில்லாத பரப்பு பெரிதாக இருக்கிறது. குறுக்கே ஒரு பட்டை போடுங்கள். அடியில் போட்ட பட்டை தொய்வைத் தாங்கும், மேலே போட்ட பட்டை துணி எழும்புவதைத் தடுக்கும். படபடப்புக்கு மேலே போடுவதுதான் மருந்து.

இந்தக் கோளாறுக்கு எல்லோரும் கையோடு எடுப்பது பைக்கில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிறு. அதை முன்பக்கம் போடவே போடாதீர்கள். காற்று இழுக்கும்போதெல்லாம் அது கொடுத்துக்கொடுத்து அடிப்பை வளர்க்கும். அதன் கம்பிக் கொக்கி கழன்று தெறித்தால் நேராக முகத்துக்கு வரும், கண் போகும். நீளாத பாலியஸ்டர் பட்டையும் பக்கிளும் போட்டால் விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கூரை பலூன் மாதிரி மேலே உப்புகிறது

படபடப்பு இல்லை, ஆனால் வேகம் ஏற ஏறத் துணி மேலே எழும்பி நிற்கிறது. கூரைக்கு மேலே விரைந்து ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. வண்டிக்குள் புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். 40 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடைக்குச் சமம். 80 கி.மீ. வேகத்தில் அது 30 கிலோ. ஜீப்பின் நிழல் துணி சுமார் இரண்டரை சதுர மீட்டர் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு மேல்நோக்கி இழுத்தாலே மூலைக் கட்டுகளின் நிலை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பின்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பின்னால் திரை தொங்கவிட்டு, பக்கங்களையும் மூடி, முன்னால் மட்டும் காற்று வர வைத்திருந்தால் வண்டியே ஒரு பை ஆகிவிடும். அப்படியும் உப்பினால், முன் மூலையிலிருந்து எதிர்ப்புறப் பின் மூலைக்குத் துணிக்கு மேலே இரண்டு பட்டைகளைக் குறுக்குமறுக்காக ஓட்டிக் கட்டுங்கள். முன் கண்ணாடியைச் சாய்த்துவிட்டு ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் துணியைக் கழற்றிவிடுவதே நல்லது. அந்த நிலையில் எந்தக் கட்டும் நிற்காது.

காற்று ஊடுருவுவதால் நிழல் வலையில் இந்தத் தொல்லை குறைவு. நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் தார்ப்பாயைவிட வலைதான் என் தேர்வு.

ஊய்ங் என்று ஒரு சத்தம் விடாமல் வருகிறது

துணி சத்தமிடவில்லை, தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டைதான் காற்றில் அதிர்கிறது. பட்டையைக் கழற்றி, ஒன்றோ இரண்டோ முறுக்கு விட்டு மறுபடி மாட்டுங்கள். நின்றுவிடும்.

ரிங் பிய்த்துக்கொண்டு வருகிறது

ரிங் என்பது கயிறு கோக்கத் துணி ஓரத்தில் துளை போட்டு அடிக்கும் உலோக வளையம். பிய்ந்த ரிங்கைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். ரிங்கின் இரு தகடுகளும் பிரிந்திருந்தால் அடித்த விதம் தப்பு. துளை பெரிதாகப் போட்டதாலோ, அச்சு கோணலாக நின்றதாலோ அது துணியைக் கவ்வவில்லை. துளை எப்போதும் ரிங்கின் கழுத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருந்து, ரிங்கை அழுத்தித்தான் நுழைக்க வேண்டும். ரிங் முழுசாக இருந்து, சுற்றியுள்ள துணியோடு வந்திருந்தால் அடியில் போதிய மடிப்பு இல்லை. விளிம்பை மூன்று மடிப்பாக்கி, உள்ளே பை தைப்பவர்கள் வைக்கும் நைலான் அல்லது பாலியஸ்டர் பட்டை ஒன்றை வைத்துத் தைத்து, அதன் மேல் ரிங் அடிக்க வேண்டும். ஒரு ரிங்குக்கும் அடுத்ததற்கும் 20 முதல் 25 செ.மீ. இடைவெளி இருந்தால் சுமை பிரியும். நாலு மூலையில் மட்டும் ரிங் அடித்துவிட்டு மொத்தத் துணியையும் அவற்றில் தொங்கவிட்டால் வலுவான ரிங்கும் பிய்யும்.

துருப்பிடித்த ரிங்கும் துணியை அரித்துவிடும். முலாம் பூசிய இரும்பு விலை மலிவு, ஆனால் இரண்டு மழைக்காலத்தில் பழுப்புக் கறை தெரியும். பித்தளையைக் கேட்டு வாங்குங்கள். லாரிப் பட்டறைகள் நிறைந்த நாமக்கல், சங்ககிரி பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. விளிம்பு தைத்த துணியைத் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்தால் சரியான அச்சில் அடித்துத் தருவார்.

நிழல் வலை என்றால் ரிங்கே வேண்டாம் என்பேன். பின்னலில் ஏற்கெனவே ஓட்டைகள்தான் அதிகம், ரிங் கவ்வுவதற்குப் பிடியே இல்லை. வலையின் ஓரத்தை இரண்டு பட்டைகளுக்கு நடுவில் வைத்துத் தைத்து, அந்தப் பட்டையிலேயே காதுபோல வளையங்கள் விட்டுவிடுங்கள். காது சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் வருமாறு தைத்தால் அது லேசில் விடாது.

வழியில் பிய்ந்துவிட்டால்? சிறுவர்கள் விளையாடும் கோலிக்குண்டு ஒன்றோ, உருண்டையான கூழாங்கல்லோ போதும். அதைத் துணியின் அடியில் வைத்து, துணியோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்துக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கயிறு குண்டைத் தாண்டி வராது. கிழியாத துணியில், கிழிசலுக்கு நாலு விரல் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். வீடு வந்து சேரும்வரை தாங்கும். டாஷ்போர்டில் நாலு கோலிக்குண்டு போட்டு வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டும்போது விறைப்பாக இருந்தது, இப்போது தொய்கிறது

துணியின் ஒரு துண்டை எடுத்து நீளவாக்கில் இழுங்கள், குறுக்கே இழுங்கள், பிறகு மூலைவாட்டில் இழுங்கள். நெய்த துணி நூலோட்டத்தின் வழியே அவ்வளவாக நீளாது, மூலைவாட்டில் நன்றாக நீளும். வெட்டும்போது துணியை மிச்சம் பிடிக்க நினைத்துச் சாய்த்து வெட்டியிருந்தால் தொய்வு தவிர்க்க முடியாதது. நிழல் வலை பெரும்பாலும் பின்னிய சரக்கு, ஒரு திசையில் அதிகம் கொடுக்கும். கொடுக்காத திசை வண்டியின் முன்பின்னாக வரும்படி வெட்ட வேண்டும்.

துணி சரியாக இருந்தால் கயிற்றைப் பாருங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீளும். விடியற்காலைப் பனியில் தளர்ந்து கிடந்து, வெயில் ஏறியதும் இறுகும் துணிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பாலியஸ்டர் கயிறாக மாற்றுங்கள்.

பருத்திக் கேன்வாஸ் நேர் எதிர். நனைந்தால் சுருங்கி இறுகும். புதுக் கேன்வாஸை வெட்டுவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்காமல் தைத்திருந்தால், முதல் மழையில் அளவு குறைந்து தையலையே பிடுங்கிவிடும். ஊறப்போட்டு வெட்டியதாக இருந்தாலும் மழைக்கு முன் கட்டுகளை ஒரு பிடி தளர்த்திவிடுங்கள்.

மேலே துணி இருக்கிறது, மடியில் வெயில் அடிக்கிறது

இது தையல் கோளாறு கிடையாது, சூரியனின் கோணம். தமிழ்நாட்டில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் எந்தக் கூரையும் நிழல் தரும். சிக்கல் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும். துணிக்கும் மடிக்கும் இடையே 90 செ.மீ. உயரம் என்று வையுங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் 90 செ.மீ. தள்ளி விழும். 30 பாகைக்கு இறங்கினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகும். ஜீப்பின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான், ஆகவே நிழல் பக்கத்து வயலில் விழுந்துகொண்டிருக்கும்.

கூரையை அகலமாக்கிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு முழத்துக்குக் குறைவாக, சுமார் 30 செ.மீ. தொங்கும் வலைத் திரையைச் சுருட்டி வைக்கும்படி தைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிற பக்கம் மட்டும் இறக்கிவிட்டு, கீழ் ஓரத்தைக் கட்டிக்கொள்ளலாம். எலாஸ்டிக் கயிறு இங்கே பரவாயில்லை, கொக்கி இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள். திரை பக்கக் கண்ணாடியை மறைக்காத நீளத்தில் நிற்க வேண்டும்.

நிழல் விழுகிறது, ஆனாலும் தலை கொதிக்கிறது

நிழல் வலையை 35, 50, 75, 90 சதவீதம் என்று விற்பார்கள். 50 என்றால் பாதி வெளிச்சம் உள்ளே வரும். நாற்றுக்கு அது தேவை, நமக்குத் தேவையில்லை. ஆட்களுக்கு 75 நல்ல நடுவழி. 90 போட்டால் நிழல் அடர்த்தியாகும், காற்றையும் அதே அளவு பிடிக்கும், மேலே சொன்ன படபடப்பும் உப்பலும் திரும்ப வரும்.

தார்ப்பாய் என்றால் நிறமும் இடைவெளியும்தான் விஷயம். கறுப்புத் தார்ப்பாய் வெயிலை உறிஞ்சித் தானே சூடாகி, அந்தச் சூட்டை உங்கள் தலைக்குக் கீழ்நோக்கி வீசும். வெள்ளையாகப் போட்டால் சூடு குறையும், ஆனால் துணி முழுக்க ஒளிர்ந்து கண் கூசும். மேல்பக்கம் வெள்ளியோ வெளிர் நிறமோ, அடிப்பக்கம் கருமையோ உள்ள துணி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தலைக்கும் துணிக்கும் இடையே பத்து செ.மீ.யாவது இருக்க வேண்டும். அதற்கும் குறைவு என்றால் ரோல் பாரில் உயரம் கூட்டிக் கட்டுங்கள். தார்ப்பாய்க்கு மேலே ஒரு சாண் விட்டு நிழல் வலையையும் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். நின்ற இடத்தில் அது அருமையாக வேலை செய்யும், ஓடும்போது இரண்டையும் பராமரிக்க வேண்டும்.

மழையில் குளம் கட்டுகிறது, தையலில் ஒழுகுகிறது

வலை ஒழுகும், அது அப்படித்தான். தார்ப்பாயில் தண்ணீர் தேங்குவது மட்டும் ஆபத்து. அரை சதுர மீட்டர் குழியில் ஒரு செ.மீ. ஆழம் தேங்கினால் ஐந்து லிட்டர், அதாவது ஐந்து கிலோ. அந்த எடை குழியை இன்னும் ஆழமாக்கும், பிறகு பிரேக் பிடித்ததும் மொத்தமும் முன்னால் இருப்பவர் கழுத்தில் இறங்கும். அடியில் நீளவாக்கில் ஒரு பட்டையை விறைப்பாக ஓட்டி நடுவில் முகடு எழுப்புங்கள், அல்லது பின் விளிம்பைத் தாழ்த்திக் கட்டுங்கள்.

இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருந்தால் சேர்ப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது ஏறி உட்காருவதுபோல, முன் துண்டு பின் துண்டின் மேல் ஏறியிருக்க வேண்டும். மாறியிருந்தால் காற்றும் தண்ணீரும் நேராக மடிப்புக்குள் போகும். சரியாக இருந்தும் ஊசித் துளை வழியே கசிந்தால், பருத்திக்கு மெழுகைத் தேய்த்து மிதமான சூடு காட்டுங்கள். பூச்சுத் துணிக்கு அதற்கான பசை கடைகளில் உண்டு. நனைந்த பருத்திக் கேன்வாஸை உள்ளிருந்து விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், தொட்ட இடத்தில் சொட்டத் தொடங்கும்.

துணி நன்றாக இருக்கிறது, தையல் மட்டும் விட்டுப்போகிறது

நூலை நகத்தால் நெம்பி இழுங்கள். பொடிந்து அறுந்தால் அது பெரும்பாலும் பருத்தி நூல். விட்ட இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டுப் பயனில்லை, அடுத்த மாதம் பக்கத்தில் விடும். முழுவதையும் தடித்த பாலியஸ்டர் நூலில் மறுபடி ஓட்டுங்கள். நைலான் நூல் கைக்கு வலுவாகத் தெரியும், ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் வலு இழக்கும்.

நூல் உறுதியாக இருந்து, தையல் கோட்டிலேயே தார்ப்பாய் கிழிந்திருந்தால் தையல் நெருக்கமாகிவிட்டது. பொடித் தையல் தபால்தலை ஓரம்போல வரிசையாகத் துளை போட்டுவிடும். தையல் நீளம் மூன்று, நான்கு மி.மீ. இருக்கட்டும்.

ரோல் பாரில் உரசும் இடத்தில் அறுந்திருந்தால் தையலைக் குறை சொல்ல முடியாது. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்துக் கம்பியில் சுற்றிக் கட்டுங்கள். கட்டும் பட்டைகள் சீட் பெல்ட்டின் மேல் ஏறாமலும், சைலன்சர் பக்கம் தொங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் வலை சூட்டில் உருகும் பிளாஸ்டிக்.

வீட்டுத் தையல் மிஷின் ஏற மறுக்கிறது

தையல் தாவினால் முதலில் ஊசியை மாற்றுங்கள். தார்ப்பாய், கேன்வாஸ் மடிப்புகளுக்கு 18-ஆம் எண் ஊசி, வலைக்கு 16 போதும். பட்டையோடு சேர்ந்த மூலைகளில் மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். வலை மிஷினின் பல்லுக்குள் சிக்கினால் அடியில் செய்தித்தாளை வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்துவிடலாம். ரெக்சின் மாதிரி ஒட்டும் துணி அழுத்துகாலில் நகராமல் நின்றால் அதற்கும் தாள்தான், இந்த முறை மேலே. நாலு மடிப்புக்கு மேல் போனால் மிஷினை வதைக்காமல் சாக்கு ஊசியால் கையில் தைத்துவிடுங்கள்.

நிறுத்தி வைத்த வண்டியில் கிழிந்து கிடக்கிறது

பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழி, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடி மாதத்தில் நடப்பது இது. ஓடும்போது காற்று முன்னாலிருந்து வரும், நிறுத்திய வண்டிக்குப் பக்கவாட்டில் வரும். பக்க விளிம்பு அதற்காகத் தைக்கப்பட்டதில்லை. இரவில் கழற்றிவிடுங்கள். கழற்ற நேரமாகிறது என்பதால்தான் யாரும் கழற்றுவதில்லை, ஆகவே முடிச்சுகளை எடுத்துவிட்டுப் பக்கிள் போட்டுக்கொள்ளுங்கள்.

கரும்புள்ளியும் நாற்றமும்

ஈரத்தோடு மடித்து வைத்த பருத்திக் கேன்வாஸில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைத்து, பிரஷால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவலாம். புள்ளி முழுசாகப் போகாது. அந்த இடத்தைக் கிள்ளி இழுத்தால் நூல் விட்டுக்கொடுக்கிறது என்றால், துணியையே மாற்ற வேண்டிய சந்தர்ப்பம் அது. ஓரப் பட்டையையும் பித்தளை ரிங்குகளையும் பிரித்து எடுத்துப் புதுத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதியதை ஷெட் மூலையில் மடித்துப் போட்டால் எலி குட்டி போடும். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.